பழைய மீலேயும் ஹட்டன் பட்டறையும்: பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றின் மதிப்பீடு

நானுஓயாவில் எங்கள் வீட்டுக் குசினியில் இப்போது ஓடுவது, மேற்கு ஜேர்மனியில் மீலே நிறுவனம் செய்த பழைய பாத்திரம் கழுவும் இயந்திரம். நுவரெலியாவில் ஒரு வீட்டிலிருந்து அதை வாங்கி, ஹட்டனில் ஒரு சிறிய பட்டறையில் திருத்தி, ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் முழுதாகப் பயன்படுத்திய பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இயந்திரத்தைப் பற்றி எழுதும்போது பட்டறையையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. நல்ல கையில் போய்ச் சேர்ந்திராவிட்டால் அது இன்று பழைய இரும்பாகப் போயிருக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைநாட்டில் ஆறேழு பேர் சாப்பிடும் வீட்டுக்கும், சில அறைகள் கொண்ட விருந்தினர் விடுதிக்கும், நல்ல நிலையில் கிடைக்கும் பழைய ஐரோப்பிய இயந்திரம் புதிய மலிவான இயந்திரத்தைவிடப் பொருத்தமானது. ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் அதன் ஹீட்டரையும் வயர்களையும் மீற்றர் வைத்துச் சோதிக்கும்வரை அதை வீட்டு மின்சாரத்தில் இணைக்கவே கூடாது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு டிஷ்வொஷர் என்பது வசதிக்காக வாங்கும் பொருளாகத் தோன்றலாம். இங்கே நிலைமை வேறு. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். தை, மாசி மாத விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. தேங்காய் எண்ணெயோ 24 பாகைக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கிவிடும். கீழ்நாட்டில் போத்தலில் தெளிவாக நிற்கும் எண்ணெய் எங்கள் குசினியில் பெரும்பாலும் வெள்ளைக் கட்டியாகவே இருக்கிறது. தேங்காய்ப்பால் விட்ட கறியும் பொரித்த கருவாடும் சாப்பிட்ட தட்டில் அந்தக் கொழுப்பு, சாப்பிட்டு எழுவதற்குள்ளேயே இறுகிவிடும். தாங்கியிலிருந்து வரும் குளிர்ந்த நீரில் எவ்வளவு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அது கரைவதில்லை. ஒரு தட்டிலிருந்து ஸ்பொஞ்சுக்கும், ஸ்பொஞ்சிலிருந்து அடுத்த தட்டுக்கும் இடம் மாறுகிறது. அதனால்தான் இந்தப் பக்கத்துப் பெண்கள் இரவில் பாத்திரம் கழுவவென்றே ஒரு பானைத் தண்ணீரை விறகடுப்பில் சுடவைக்கிறார்கள். விறகு இல்லாத நாளில் விரல் மரத்துப்போகும்வரை தேய்க்கிறார்கள். மூடிய பெட்டிக்குள் 65 பாகை வெந்நீரை விசையோடு சுழற்றி அடிக்கும் இயந்திரம் இந்தத் துன்பத்தை அடியோடு நீக்கிவிடுகிறது. அந்த வெப்பத்தில் கொழுப்பு முழுவதும் உருகி, கழுவும் தூளின் காரத்தோடு சேர்ந்து நீரிலேயே போய்விடுகிறது.

என் அம்மா பகலில் கொழுந்து பறித்து, மாலையில் நுவரெலியாவில் சில வீடுகளில் குசினி வேலையும் செய்தவர். அவற்றுள் ஒன்று, ஜேர்மனியில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீடு. அவர்கள் கப்பலில் கொண்டுவந்த இயந்திரந்தான் இது. மற்ற வீடுகளில் பனிவெடிப்பு விழுந்த விரல்களோடு தண்ணீரில் கை வைக்க வேண்டியிருந்த காலத்தில், அந்த வீட்டில் மட்டும் தட்டுகளை அடுக்கிக் கதவைச் சாத்தினால் போதுமாக இருந்ததை அம்மா எங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒரு பொருளைப் பற்றி அவர் அத்தனை அன்போடு பேசி நான் வேறெங்கும் கேட்டதில்லை. அந்த வீட்டு அம்மையார் கொழும்பில் மகனோடு இருக்கப் போவதால் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனபோது, இயந்திரம் பின்பக்கத்து அறையில் ஒரு பழைய கம்பளியால் மூடிக் கிடந்தது. அதன் கையேடும், கூடைக்கான இரண்டு மாற்றுச் சில்லுகளும், ஒரு புனலும் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளேயே வைக்கப்பட்டிருந்தன. "பிள்ளை, இது ஓடி எத்தினையோ வருசம். எறிய மனம் வரேல்லை. உம்மட அம்மாட்டப் போகுதெண்டா எனக்குச் சந்தோசம்" என்று சொல்லி, நான் கேட்ட விலைக்கே கொடுத்தார்.

இந்த வகை இயந்திரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அமெரிக்காவில் இலினோய் மாநிலத்து ஷெல்பிவில் ஊரில் வாழ்ந்த ஜோசபின் கொக்ரேன் என்ற பெண் 1886 டிசம்பரில் காப்புரிமை பெற்ற இயந்திரமே, துலக்குவதை விட்டுவிட்டு நீரின் விசையால் கழுவும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில் அது பலருடைய கவனத்தையும் பெற்றது. முதலில் வாங்கியவை ஹோட்டல்களும் பெரிய சமையற்கூடங்களும்தான். ஐரோப்பாவில் மின்சாரத்தில் ஓடும் முதல் இயந்திரத்தை 1929-இல் மீலே வெளியிட்டது. பொஷ் நிறுவனம் 1964-இல் இத்துறைக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் நம் மலைகளில் இருந்த துரை பங்களாக்களில், சமையற்காரரான அப்புவும் அவருக்குக் கீழே குசினி ஆட்களும் இருந்தார்கள். கழுவுவதற்குக் கைகள் மலிவாகக் கிடைத்த இடத்தில் இப்படியொரு இயந்திரத்தின் தேவையை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கைகளுக்கு உரியவர்களின் வீட்டில் இன்று அது ஓடுவது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

எங்கள் இயந்திரத்தின் பெயர்த்தகட்டில் மேற்கு ஜேர்மனி என்று இருப்பதால் அது 1990-க்கு முந்தியது என்பது உறுதி. கரண்டிகளுக்கு மேல்தட்டு இல்லாமல் கூடை இருக்கிறது. அந்த மேல்தட்டை மீலே 1987-இல்தான் அறிமுகப்படுத்தியது என்பதால், அதற்கும் முந்தியதாகவே கருதுகிறேன். இப்படிப் பழைய இயந்திரம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் உள்தொட்டியைக் கவனிக்க வேண்டும். எவர்சில்வர் தொட்டியில் மூட்டுகளிலும் அடிமூலையிலும் துரு இல்லையென்றால் மீதி எல்லாவற்றையும் திருத்திவிடலாம். தொட்டி ஓட்டையாகிவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அடுத்தது கதவு. பாதி திறந்து கையை விட்டால் அது பொத்தென்று விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் பக்கத்துச் சுருள்வில்லோ அதன் கயிறோ போய்விட்டது என்று அறியலாம். டைமர் குமிழைக் கையேடு சொல்லும் திசையில் மட்டும் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் தெளிவாகச் சொடக்கிட்டால் நல்லது. பின்பக்கத் தகட்டைக் கழற்ற விட்டால், வயர் முனைகள் கருகியிருக்கின்றனவா, எலி கடித்திருக்கிறதா என்று பார்க்கலாம். எங்களுடையதில் தொட்டி புதிது போல இருந்தது, கதவு நின்றது, டைமர் சொடக்கிட்டது. வடிகுழாயையும் இரண்டு வயர்களையும் எலி கடித்திருந்தது.

பட்டறை ஹட்டன் நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. அதை நடத்துபவர் பல ஆண்டுகள் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து ரோலருக்கும் டிரையருக்கும் வாடவைக்கும் காற்றாடிக்கும் தேவைப்படும் அறிவுதான் இந்த இயந்திரத்துக்கும் தேவைப்படுகிறது: மோட்டர், பேரிங், சீல், வெப்பம், ஈரம். கொழும்பில் ஒரு சேவை நிலையத்தில் தொலைபேசியில் விசாரித்தபோது, இவ்வளவு பழைய மாதிரியைத் தொடமாட்டோம் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். இவரோ, "இதுக்குள்ள நமக்குத் தெரியாத சாமான் ஒன்னும் இருக்காது டீச்சர், கொண்டு வாங்க பாப்போம்" என்றார். வந்த அன்றே எங்கள் கண்முன்னால் பக்கத் தகடுகளைக் கழற்றி, ஒவ்வொரு பகுதியையும் தொட்டுக் காட்டி, எது மாற வேண்டும், எதைச் சுத்தம் செய்தால் போதும், எதைத் தொடக் கூடாது என்று ஒரு கொப்பியில் எழுதித் தந்தார். பணம் வாங்குவதற்கு முன்னால் இப்படி விளக்கும் பழுதுபார்ப்பவரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை.

அவருடைய அருமை முழுவதும் ஹீட்டர் விடயத்தில் வெளிப்பட்டது. தொட்டியின் அடியில் வளைந்து செல்லும் அந்த உலோகக் குழாய்க்குள், வெப்பமாகும் கம்பிக்கும் வெளித் தோலுக்கும் இடையில் மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். வெப்பத்தைக் கடத்தி மின்சாரத்தைத் தடுப்பது அதன் வேலை. அந்தத் தூள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நாள்தோறும் ஓடும் இயந்திரத்தில் வெப்பமே அதை உலர்த்திவிடும். நுவரெலியாவின் மூடுபனியில் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த இயந்திரத்தில் முனைகளின் வழியே ஈரம் உள்ளே போய்விடும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் குழாயின் தோலுக்கே மின் கசியும், வீட்டு ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். நம் வீடுகளில் உள்ள ட்ரிப் சுவிட்ச் பொதுவாக 30 மில்லிஅம்பியர் கசிவில் விழுந்துவிடும். 230 வோல்ட்டில் அந்த அளவு கசிவதற்கு, கம்பிக்கும் தோலுக்கும் இடையிலான தடை ஏறக்குறைய 7,700 ஓமுக்கு இறங்கினால் போதும். நல்ல ஹீட்டரில் அந்தத் தடை பத்து இலட்சம் ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். அந்தத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவியை வைத்துப் பார்த்தபோது எங்களுடையதில் முள் ஏறக்குறைய பூச்சியத்திலேயே கிடந்தது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் ஹீட்டர் போய்விட்டது என்று சொல்லி இயந்திரத்தையே கைவிடுகிறார்கள். ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். நீரும் உலோகமும் ஒன்றாக இருக்கும் ஒரு பெட்டிக்கு அதைச் செய்வது கொலைக்குச் சமம். இவர் ஹீட்டரை வெளியே எடுத்து, முனைகளைத் துடைத்து, தெரிந்த ஒரு பேக்கரியில் பாண் சுட்டு முடித்த அடுப்பில், சூடு 100 பாகைக்குச் சற்று மேலே இறங்கியிருந்த வேளையில் வைத்து, விடியும்வரை விட்டார். மறுநாள் மெகரில் முள் பல பத்து இலட்சம் ஓம் காட்டியது. பிறகு ஈரம் மீண்டும் புகாதபடி முனைகளை வெப்பம் தாங்கும் சிலிக்கோனால் அடைத்தார். வெளிநாட்டிலிருந்து புதிய ஹீட்டர் வரவழைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவை நினைத்தால், இந்த ஒரு வேலைக்காகவே அவருக்கு முழு மதிப்பெண்ணும் கொடுக்கலாம்.

சுழற்சிப் பம்பின் சீல் கசிந்து, மோட்டரின் பேரிங்கில் துரு ஏறியிருந்தது. சீல் என்பது கரிமுகமும் பீங்கான்முகமும் ஒன்றோடொன்று உரசி நீரைத் தடுக்கும் சிறிய பொருள். அதன் தண்டு விட்டத்தையும் குழியின் அளவையும் அளந்துகொண்டு வெலிமடையில் தேடினார். லீக்ஸும் கரட்டும் போடும் விவசாயிகளுக்கு நீர்ப்பம்ப் உதிரிப்பாகம் விற்கும் கடைகள் அங்கே இருக்கின்றன. அளவு பொருந்தும் சீல் அவற்றுள் ஒன்றில் கிடைத்துவிட்டது. பேரிங்கில் 6202 என்ற எண் பொறித்திருந்தது. உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, தடிப்பு 11 மில்லிமீற்றர் என்று உலகம் முழுவதும் ஒரே அளவுதான். ஹட்டனில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் நல்ல தரத்தில் வாங்கினோம். மோட்டரின் கெப்பாசிட்டரை மதிப்பு பார்த்துப் புதிதாக மாற்றினார். பழையதை உடைத்துப் பார்க்காமல் தனியாகப் பொதிந்து வைத்தார். 1970-களிலும் அதற்கு முன்னும் வந்த சில கெப்பாசிட்டர்களில் பிசிபி என்னும் நச்சு எண்ணெய் இருந்ததால் அந்தக் கவனம் சரியானதுதான். கதவின் றப்பர் ஒன்று மட்டும் இலங்கையில் கிடைக்கவில்லை. ஜேர்மனியில் இருக்கும் ஓர் உறவினர் வாங்கி அனுப்பினார், அதற்காகவே நெடுநாள் காத்திருந்தோம்.

டைமரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பழைய இயந்திரத்தை நான் விரும்புவதற்கு முதற்காரணம் அதுவே. சின்னஞ்சிறு மோட்டர் ஒன்று, விளிம்பில் மேடுபள்ளம் வெட்டிய தட்டுகளை மெல்லச் சுழற்றுகிறது. ஒவ்வொரு மேடும் ஒரு தொடுமுனையை அழுத்தி, நீர் திறக்கவும் பம்ப் ஓடவும் ஹீட்டர் எரியவும் வடியவும் கட்டளையிடுகிறது. அதன் வேகத்தை நிர்ணயிப்பது மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அலைவு. ஜேர்மனியிலும் இலங்கையிலும் அது ஒன்றே என்பதால் நேரம் பிசகுவதில்லை. மின்வெட்டு வந்தால் தட்டுகள் நின்ற இடத்திலேயே நிற்கும். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறக்காதவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமின்னலின்போது மலைப்பக்க மின்கம்பிகளில் வரும் அழுத்தப் பாய்ச்சல், புதிய இயந்திரங்களின் இலத்திரனியல் பலகையை எரித்துவிடக்கூடியது. பலகை போனால் முழுவதையும் மாற்றத்தான் வேண்டும். இங்கே தொடுமுனை கறுத்தால் அதற்குரிய திரவம் தெளித்துத் துடைத்தால் சரியாகிவிடும். உப்புத்தாள் போட்டால் வெள்ளிப் பூச்சு போய்விடும் என்பதால் அதை மட்டும் எக்காரணத்துக்காகவும் செய்யக் கூடாது என்று அவர் பலமுறை சொன்னார்.

வீட்டில் இணைப்பதற்கு மின் வேலை தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. பெயர்த்தகட்டின்படி இயந்திரம் 220 வோல்ட்டில் 3.3 கிலோவாட் எடுக்கும். நம்முடைய 230 வோல்ட்டில் அது 15 அம்பியருக்கும் மேலே போகும். இதைச் சாதாரண 13 அம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் சூடேறி உருகக்கூடும். நாங்கள் மின்பலகையிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி வழி இழுத்து, 20 அம்பியர் பிரேக்கர் போட்டு, புவித்தொடுப்பையும் சோதித்துக்கொண்டோம். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளில் பல இன்னும் பொதுக் குழாயையும் மெலிந்த வயரையும் வைத்தே காலம் தள்ளுகின்றன. குளிர்நீரால் மிகுந்த துன்பப்படுவோர் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த இயந்திரத்தைப் பரிந்துரைக்க முடியாத நிலை இருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

தண்ணீர் விடயத்தில் மலைநாட்டுக்கு வாய்ப்பு நன்றாக இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தின் கிணற்று நீர் வன்னீர். அதில் கல்சியம் மிகுதி, கண்ணாடிக் குவளையில் வெள்ளை படியும், ஹீட்டரில் செதில் ஏறும். அதைத் தடுக்கவே ஐரோப்பிய இயந்திரங்களில் உப்புப் போடும் அறையும் நீரை மென்மையாக்கும் பிசின் மணிகளும் இருக்கின்றன. நம் மலைகளின் பழம்பாறையிலிருந்து ஊறிவரும் நீரோ மென்னீர். மென்மையாக்கியை மிகக் குறைந்த அளவில் வைத்துவிட்டு உப்பில்லாமலே ஓட்டுகிறோம், தட்டுகளில் படிவு இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. மென்னீரில் கழுவும் தூள் அதிகமானால் கண்ணாடி நாளடைவில் மங்கி அரித்துப்போகும், அதைத் திரும்பப் பளபளப்பாக்க முடியாது. ஆகவே பெட்டியில் சொல்லும் அளவில் பாதிக்கும் குறைவாகவே தூள் போடுகிறேன். வில்லைகளில் அளவைக் குறைக்க முடியாது என்பதால் தூளே இங்கே ஏற்றது. தென்மேல் பருவமழைக் காலத்தில் ஓடைநீர் மண் கலந்து வருவதால், உள்வரும் குழாய்க்கு முன்னால் கழுவக்கூடிய ஒரு வடிகட்டி போடுவது கட்டாயம். நீரழுத்தத்துக்கு மேடே உதவுகிறது: பத்து மீற்றர் உயரத்தில் தாங்கி இருந்தால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தானாகக் கிடைக்கும், எங்கள் தாங்கி வீட்டுக்கு மேலே சரிவில் இருப்பதால் பம்ப் எதுவும் தேவைப்படவில்லை. வடியும் நீரில் காரம் இருப்பதால் அதைக் காய்கறிப் பாத்திக்குள் விடாமல் தனிக் குழிக்குள் விட்டிருக்கிறோம்.

கழுவும் திறனில் இந்த இயந்திரத்திடம் எனக்குக் குறையே இல்லை. எங்கள் வீட்டில் மிகக் கடினமான சோதனை தேநீர்க் கோப்பைதான். நாள் முழுவதும் பிளேன்டீ குடித்த கோப்பைகளில் படியும் பழுப்புச் சாயத்தைக் கையால் எடுக்க உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டும். ஒட்சிசன் வெளுப்பான் கலந்த தூளும் வெந்நீரும் சேர்ந்து அதைச் சுவடில்லாமல் எடுத்துவிடுகின்றன. பருப்புக் காய்ந்த எவர்சில்வர் தட்டும், இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிய பீங்கானும் ஒரே ஓட்டத்தில் மினுங்குகின்றன. சோற்றுப் பருக்கை, தேங்காய்ப்பூ, கடுகு, கறிவேப்பிலை ஆகியவற்றை வழித்துப் போட்டுவிட்டே அடுக்க வேண்டும். அடியிலுள்ள வடிகட்டியை ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் எடுத்து அலசாவிட்டால், சுழன்று நீர் தெளிக்கும் தெளிகுழாயின் துளைகள் அடைபடும். மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக் பெட்டி மஞ்சளாகவே வெளிவரும். அலுமினியச் சட்டியும் இட்லித் தட்டும் இதற்குள் போகவே கூடாது, காரத்தில் கறுத்துவிடும். மண்சட்டி, சிரட்டை அகப்பை, இரும்பு ரொட்டிக் கல், பித்தளை விளக்கு ஆகியவையும் கைக்கே உரியவை. கூடைகள் தட்டையான ஐரோப்பியத் தட்டுகளை நினைத்து அமைக்கப்பட்டிருப்பதால், குழிந்த நம் தட்டுகளை ஒன்றுவிட்டு ஒரு கம்பியில்தான் நிறுத்த முடிகிறது; கொள்ளளவு அந்த அளவுக்குக் குறைகிறது.

செலவை மறைக்கக் கூடாது. புதிய இயந்திரம் ஓர் ஓட்டத்துக்கு ஏறக்குறைய பத்து லீற்றர் நீரும் ஓர் அலகு அளவு மின்சாரமும் எடுக்கும். பழையவை அதைவிட மூன்று, நான்கு மடங்கு நீரும் இரண்டு அலகுக்கு மேல் மின்சாரமும் எடுக்கும். நாள்தோறும் ஓட்டினால் மாதத்துக்கு 60 அலகுகளுக்கு மேல் கூடும். நம் மின்கட்டணம் அலகு ஏற ஏற வீதமும் ஏறும் முறையில் இருப்பதால், அந்தக் கூடுதல் அலகுகளுக்கு உயர்ந்த வீதத்தில்தான் கட்ட வேண்டிவரும். நாங்கள் இரண்டு நாள் பாத்திரத்தைச் சேர்த்து, நிரம்பினால் மட்டும் ஓட்டுகிறோம். தனியாகவோ இருவராகவோ இருப்பவர்கள் இதை வாங்குவதில் பொருளில்லை. சத்தமும் புதியவற்றைவிட அதிகம். பக்கத்து அறையில் குழந்தை உறங்கினால் கதவைச் சாத்த வேண்டும். மறுபுறம், புதிய இயந்திரத்தின் சிக்கன ஓட்டம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுக்க, இது ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுகிறது. மின்வெட்டு நேரங்களுக்கு இடையில் ஓட்ட வேண்டிய விடுதிக்காரருக்கு அது பெரிய உதவி. இயந்திரத்தின் விலை, திருத்தக் கூலி, உதிரிப்பாகம், தனி வயர் வேலை எல்லாம் சேர்ந்தும், அதே தரத்தில் புதியது ஒன்றின் விலையில் பாதியைக்கூட எட்டவில்லை.

பட்டறையில் குறைகளும் உண்டு. உதிரிப்பாகத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் அவராக அழைத்துத் தகவல் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். வெளித்தகட்டுக்கு அடித்த பூச்சு பழைய நிறத்தோடு ஒத்துவரவில்லை. பூசும் முன் துருவை இன்னும் நன்றாகச் சுரண்டியிருக்கலாம், கீழ்விளிம்பில் ஏற்கனவே குமிழ்கள் தெரிகின்றன. இலத்திரனியல் பலகை உள்ள இயந்திரங்களை அவர் ஏற்பதில்லை, அதை முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். ஏற்றி இறக்கும் வேலையும் நம்முடையதே; பட்டறைக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை, மழையில் வழுக்கும், ஆகவே சின்ன லொறியோடு இரண்டு ஆட்களையும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இவற்றுக்கு எதிரே, கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் பையில் போட்டுத் திருப்பித் தந்தார்; விலைச்சீட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதினார்; நாங்கள் கொண்டுபோன எண்ணெய்ப் பிசுக்குத் தட்டுகளை வைத்து முழு ஓட்டம் ஓடவிட்டு, முடிந்ததும் மீண்டும் மெகர் வைத்துக் காட்டிய பிறகே கூலி வாங்கினார். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பொறுமையோடு விளக்குகிறார்.

அம்மா இப்போது இயந்திரத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டுவிட்டார். கனமான சட்டி கீழே, குவளை மேலே, கரண்டிகள் பிடி கீழாக என்று அந்த வீட்டில் பழகிய ஒழுங்கை எங்களுக்கும் கற்றுத் தருகிறார். மீதியிருப்பது கூடைகளின் வேலைதான். மேல்கூடையில் பிளாஸ்டிக் பூச்சு உரிந்த கம்பிகளில் துரு தொடங்கியிருக்கிறது; மழை விட்டதும் மறுபூச்சுக்குக் கொண்டுபோக இருக்கிறோம். கையேட்டோடு கிடைத்த இரண்டு சில்லுகளும் பொருத்தியாயிற்று, மற்றவற்றை நைலோன் தண்டிலிருந்து லேத்தில் கடைந்து தருவதாகப் பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இதே பட்டறைக்குத் தங்கள் இயந்திரத்தைக் கொண்டுபோகிறவர்கள் பாரம் குறையட்டும் என்று கூடைகளை வீட்டில் விட்டுவிட வேண்டாம். கூடையும் பாத்திரமும் உள்ளே இருந்தால்தான் தெளிகுழாய் எதிலும் முட்டாமல் சுழல்கிறதா என்று அவரால் பார்க்க முடியும்.